உன்னுர் என்றால் அலை

"உன்னுர்," என்றாள் சோலெய்.

போதகர் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் அந்த ஒரு சொல்தான். "இந்தக் குழந்தைக்கு என்ன பெயர்?" என்று போதகர் கேட்பார், தாய் பெயரைச் சொல்வாள். அந்தப் பெயரை அவள் ஏழு வாரமாக நாக்குக்கு அடியில் பூட்டி வைத்திருந்தாள். சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தாள். இந்த இடத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு "ஆ!" எழும். யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள். பின்வரிசைப் பெண்கள் ஒருத்தி விலாவை ஒருத்தி இடித்து, "நான் அப்பவே சொல்லல?" என்பார்கள்.

ஒன்றும் எழவில்லை. அறுபது பேர் உட்கார்ந்திருந்த தேவாலயத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவளுடைய மாமியார் ஆல்தாவின் மடியிலிருந்து பாட்டுப் புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்க யாரும் குனியவில்லை.

சோலெய் திரும்பி, குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனைப் பார்த்தாள். அவள் கணவனுடைய அண்ணன் ஸ்டெய்னார். அவன் முகத்தில் ரத்தம் என்பதே இல்லை. குழந்தையின் காலுக்குக் கீழே அரை கஜம் தொங்கிய வெள்ளை ஞானஸ்நான அங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. 

"ஸ்டெய்னார்? என்ன ஆச்சு?"

"பிடிச்சுக்கோ."

"என்ன?"

"பிடிச்சுக்கோ சோலெய், சீக்கிரம். என் கையில வேண்டாம்."

கொதிக்கும் பாத்திரத்தை இறக்குகிறவனைப் போல, அவசரமாகவும் சிந்திவிடாமலும், குழந்தையை அவள் கையில் வைத்தான். நடுவழியே நடந்தான். இரு பக்கமும் ஊரார் தலையைக் குனிந்துகொண்டார்கள். கதவைத் திறந்ததும் கடல் காற்று உள்ளே பாய்ந்து பீடத்து மெழுகுவத்திகளில் ஒன்றை அணைத்தது. கதவு அவனுக்குப் பின்னால் படாரென்று சாத்திக்கொண்டது.

போதகர் ஹெர்தீஸின் குவிந்த கை இன்னும் தண்ணீர்த் தொட்டிக்கு மேலேயே இருந்தது. ஹெர்தீஸ் என்றால் படைத்தேவதை என்று பொருள். ஆனால் அந்த அம்மாள் ஒரு ஈயைக்கூட அதட்டியவர் இல்லை. கையிலிருந்த தண்ணீரை மெல்லத் தொட்டியிலேயே விட்டார். பெயர் சொல்லப்பட்டுவிட்டது, ஆனால் தண்ணீர் விழவில்லை. குழந்தை இன்னும் பெயரில்லாத குழந்தைதான்.

சோலெயின் கணவன் சிந்த்ரி அவள் காதருகே வந்தான். "என்ன பேர் சொன்ன நீ? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேக்க வந்தேனே! நீதானே சொன்ன, 'என்கிட்ட சொல்லாத, என் வாய் ஓட்டை வாய், மறுநாளே படகுத்துறை முழுக்கத் தெரிஞ்சுடும்'னு!"

 சிந்த்ரி அப்படிச் சொன்னது உண்மைதான்.

பையன் பிறந்தால் அவன் பெயர் வைப்பது, பெண் பிறந்தால் அவள் வைப்பது என்று பேச்சு. தண்ணீர் விழும்வரை பெயர் வெளியே வரக்கூடாது என்பது ஊர் வழக்கம். அதுவரை குழந்தை வெறும் "குட்டி". அந்த ஏழு வாரமும் எல்லோருக்கும் ஒரே வேலை, ஊகம். சோலெய் வேலை செய்த மீன் ஆலையில், காப்பி குடிக்கும் அறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி ஆளுக்கொரு பெயர் எழுதினார்கள். பிரசவ விடுப்பில் இருந்தவள் குட்டியைக் காட்டப் போன அன்று பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.

"ஏன்டி, உங்க அப்பா என்ன பூந்தோட்டமா வெச்சிருந்தாரு? உன் பேரு மஞ்சள் பூ, ஒரு தங்கச்சி லில்லி, இன்னொருத்தி ஊதாப்பூ. இவளுக்கும் பூவா?"

"அதெல்லாம் தெற்குப் பக்கத்து மாட்டுக்காரங்க வழக்கம்டி. இங்க பொறந்தவ அலையாத்தான் இருக்கணும்."

"இருக்கிற அலை போதாதா? இந்த ஊர்ல ஒருத்தியைக் கூப்பிட்டா நாலு அலை திரும்பிப் பாக்குது!"

அது கேலி என்றாலும் பொய்யில்லை. கடலை நம்பிப் பிழைக்கும் அந்த ஊரில் பெண் குழந்தைக்கு அலையின் பெயர் வைப்பார்கள். அந்த மொழியில் அலைக்குப் பெயர் பல. ஆல்தா என்றால் அலை, பாவ்ரா என்றாலும் அலை, ஹ்ரோன், த்ரோப்ன் எல்லாம் அலைதான். உன்னுர் என்பதும் அப்படித்தான். பயப்படுகிற ஒன்றின் பெயரை மகளுக்கு வைத்து, அதைக் கொஞ்சிக் கொஞ்சிப் பழக்கிக்கொள்கிற ஊர் அது.

ஆனால் தெற்கே பசும்புல்வெளிப் பக்கத்தில் வளர்ந்த சோலெய்க்கு உன்னுர் என்ற பெயர் வேறு மாதிரி கேட்டது. சிறுவயதில் அவளுக்கு விசுவாசத்தைத் திடப்படுத்தும் வகுப்பு எடுத்த பழைய போதகர், "உன்னுர் என்றால் அன்பு என்றும் சொல்வார்கள், அன்பு செய்தல் என்ற சொல்லும் அதுவும் ஒரு தாய் பிள்ளைகள்" என்று சொல்லியிருந்தார். அது அவள் மனதில் தங்கிவிட்டது.

சுவரிலிருந்த தாளில் நாற்பது பெயர்கள் இருந்தன. பூ, பறவை, அலை எல்லாம் இருந்தன. உன்னுர் மட்டும் இல்லை. "அப்பாடா, ஒருத்தருக்கும் தோணல!" என்று அன்றைக்கு அவள் மகிழ்ந்துபோனாள்.

இப்போது, தொட்டியருகே நிற்கும்போதுதான் அது உறைத்தது. நாற்பது பேருக்கும் தோன்றாமல் இருந்திருக்காது. தோன்றியும், ஒருவர்கூட எழுதவில்லை.

"ஆண்டவரே, நான் என்ன செஞ்சுட்டேன்," என்றாள் வாய்க்குள்.

ஆல்தா எழுந்து அவளருகே வந்திருந்தாள். அவளுக்கு அறுபது வயது. மீன் ஆலையில் முப்பது வருஷம் கத்தி பிடித்த கை, எதற்கும் நடுங்காத கை. இப்போது மருமகளின் சட்டை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நாங்கதான் உன்கிட்ட சொல்லல," என்றாள் அடிக்குரலில். "உன்மேல தப்பில்ல."

"தன் அக்கா சின்ன வயசுல கடல்ல போயிட்டதா சிந்த்ரி சொன்னான், ஆல்தா. கல்லறையில பேரைப் பாத்தேன். ஒன்பது வயசுன்னு இருந்துச்சு. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். எங்க பக்கத்துல அப்படித்தான். போனவங்க பேரை வெச்சா வீடே கண்கலங்கிச் சிரிக்கும்."

"சிந்த்ரிக்கு அப்போ ஆறு வயசு, அவனுக்கு என்ன தெரியும். கடல் பக்கம் போன ஆட்டை ஓட்டிட்டு வாங்கடான்னு அவளையும் அவ அண்ணனையும் அனுப்பினது நான். ஸ்டெய்னாருக்குப் பதினஞ்சு. பாறை மேல அலை ஏறிடுச்சு. அவன் கையிலேருந்துதான் போனா."

சோலெய் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். அவன் கையில்தான் குழந்தையைக் கொடுத்து, அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

"அதுகூடப் பரவாயில்ல," என்றாள் ஆல்தா. "அன்னைக்கு வீட்டுக்கு வந்து நின்னவன்கிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னேன். 'ஸ்டெய்னார்னு பேர் வெச்சேன், கல்லாட்டமே நின்னு பாத்துட்டு வந்தியாடா'ன்னு. ஸ்டெய்ன்னா கல்லுதானே. அந்த வார்த்தையை இருபத்திரண்டு வருஷமா நான் திருப்பி எடுக்கல. எடுக்கிற வழி தெரியல."

அந்த அண்ணனை வரவழைக்க சோலெய் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவன் நார்வேயில் மீன் பண்ணையில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்து பதினோரு வருஷம். கிறிஸ்துமஸ் அட்டை வரும், ஆள் வரமாட்டான். சிந்த்ரி வருஷா வருஷம் அந்த அட்டையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுவதைப் பார்த்துப் பார்த்து, அவளே தொலைபேசியில் விடாமல் நச்சரித்து, "ஞானத்தகப்பனா நீதான் நிக்கணும், இல்லைன்னா குட்டிக்குப் பேரே இல்ல" என்று மிரட்டி வரவழைத்தாள். ஒரு தடவை குட்டியைத் தூக்கிவிட்டால் போதும், அப்புறம் தானாக வருவான் என்பது அவள் கணக்கு. வந்தான், தூக்கினான். இப்போது மறுபடி போகிறான். இந்தத் தடவை போனால் அட்டைகூட வராது.

அவள் குழந்தையைச் சிந்த்ரியின் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

வெளியே காற்று ஆளைத் தள்ளியது. ஸ்டெய்னார் வாடகைக் காரின் பக்கத்தில், மேல்கோட்டு இல்லாமல், சாவியைக் கதவில் நுழைக்கத் தெரியாதவன்போல நின்றிருந்தான்.

"எங்க போற?"

"விமான நிலையத்துக்கு."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. உன் விமானம் செவ்வாய்க்கிழமை."

"அப்ப செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஓட்டிக்கிட்டே இருக்கேன்." சாவி கீழே விழுந்தது. அவன் எடுக்கவில்லை. "யார் சொல்லி வெச்ச அந்தப் பேரை? அம்மாவா?"

"யாரும் சொல்லல. எனக்கு நீதான் கூட இருந்தன்னுகூடத் தெரியாது ஸ்டெய்னார், சத்தியமா. தண்ணி இன்னும் விழல. நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா, உள்ள போய் வேற பேர் சொல்லிடுறேன். எங்க ஊர்ல எத்தனையோ பூ இருக்கு."

"எதுக்கு வெச்ச?"

அவள் தயங்கினாள். "அவளே வந்து கேட்டா."

அவன் முதல்தடவையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

அந்த நாட்டில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கர்ப்பிணியின் கனவில் இறந்துபோன ஒருவர் வந்து இடம் கேட்டால், அது பெயர் கேட்பது. வந்தவரை மறுத்து அனுப்புவது பாவம் என்பார்கள். சோலெய் அந்தக் கனவைத் தன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

"ஏழாம் மாசம்," என்றாள். "ஒரு பொண்ணு நம்ம வீட்டு வாசல்ல நின்னா. ஒன்பது பத்து வயசு இருக்கும். 'இங்க எனக்கு இடம் இருக்கா?'ன்னு கேட்டா. சுவர்ல மாட்டின போட்டோல இருக்கிற அதே முகம். மறுநாளே பேரை முடிவு பண்ணிட்டேன்."

 கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால் கடல் பாறையில் மோதும் ஓசை கேட்டது.

"நனைஞ்சிருந்தாளா?" என்றான்.

 அந்தக் கேள்வியில் அவன் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது சோலெய்க்குத் தெரிந்தது. என்ன சொன்னால் அவன் மனம் ஆறும் என்பதும் தெரிந்தது. ஆனால் இது ஆறுதலுக்காகப் பொய் சொல்லும் இடமல்ல. கண்ணை மூடி, உண்மையில் கண்டது என்ன என்று ஒவ்வொன்றாகத் தேடினாள்.

"சட்டை என்ன நிறம்னு எனக்குச் சரியா ஞாபகமில்ல. தொப்பி இருந்துச்சான்னும் தெரியல. ஆனா நனையல. தலைமுடி காத்துல பறந்து மூஞ்சில விழுந்துச்சு. நனைஞ்ச முடி பறக்காதில்ல?"

"அப்புறம்?"

"உள்ள வந்தா. கையுறையைக் கழட்டினா. அதை ஹீட்டர் மேல வைடி கண்ணுன்னு நான்தான் சொன்னேன். பக்கத்துல பக்கத்துல வெச்சா."

"ரெண்டும் இருந்துச்சா?"

"என்ன ரெண்டும்?"

"கையுறை. ரெண்டும் இருந்துச்சா, ஒண்ணுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ரெண்டும்தான். ஏன்?"

ஸ்டெய்னார் காரில் சாய்ந்து அப்படியே சரளைக்கல் தரையில் உட்கார்ந்துவிட்டான். நல்ல கால்சட்டை, புதுச் சப்பாத்து எல்லாம் மண்ணானது. பெரிய ஆள், தாடியில் நரை விழுந்த ஆள், அடிபட்ட பிள்ளை மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினான்.

"ஒண்ணு என் கையில வந்துடுச்சு," என்றான். "நான் விடல, சோலெய். எல்லாரும் விட்டுட்டேன்னு நெனச்சாங்க. நான் இறுக்கித்தான் பிடிச்சிருந்தேன். கையுறையைப் பிடிச்சிருந்தேன். என் கனவுல எப்ப வந்தாலும் அவ சொட்டச் சொட்ட வாசல்ல நிப்பா. ஒரு கை வெறுங்கையா இருக்கும். உள்ள வான்னு கூப்பிட எனக்கு வாய் வராது."

  சோலெய் அவனருகே மண்ணில் உட்கார்ந்து, விழுந்திருந்த சாவியை எடுத்துத் துடைத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். போவதானால் போகட்டும். பிடித்து வைக்க அவளுக்கு உரிமையில்லை.

"எங்க ஊர்ல அந்தப் பேருக்கு அன்புன்னு அர்த்தம் சொல்வாங்க," என்றாள் சற்று நேரம் கழித்து. "அதை நெனச்சுத்தான் வெச்சேன். இங்க எல்லாருக்கும் அலைன்னுதான் கேக்கும்னு எனக்கு உறைக்கல."

"அலைதான்," என்றான் அவன். பிறகு, "உன்கிட்ட உள்ள வரலாமான்னு கேட்டவளை வாசல்ல நிறுத்த முடியுமா?" என்று தனக்கே சொல்வதுபோலச் சொன்னான்.

உள்ளே குழந்தை அழ ஆரம்பித்திருந்தது. காற்றையும் மீறிக் கேட்டது.

"யார்கிட்ட இருக்கு?"

"சிந்த்ரிகிட்ட."

"அவன்கிட்டயா?" ஸ்டெய்னார் எழுந்துவிட்டான். "அவனுக்கு ஒரு காட் மீனை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது!"

அவர்கள் உள்ளே நுழைந்தபோது யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ரெப்னா வரிசை வரிசையாய்ப் புதினா மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரெப்னா என்றால் அண்டங்காக்கை, தலையோ கொக்கு வெள்ளை. ஸ்டெய்னார் அவளைக் கடந்தபோது ஒன்றும் கேட்காமல் அவன் சட்டைப் பையிலும் இரண்டு மிட்டாயைப் போட்டாள். முழங்காலிலிருந்த மண்ணையும் தட்டிவிட்டாள். மனிதர்களுக்கு ஆண்டவர் அனுப்பும் பெரிய உதவிகள் பலவும் இந்த அளவில்தான் வந்து சேர்கின்றன.

அவன் நேரே தம்பியிடம் போய்க் கையை நீட்டினான். "குடு. தலையைத் தாங்கிப் பிடிக்கணும்டா, இப்படியா பிடிப்ப?"

"பாக்கெட்ல பாடப் புத்தகம் இருக்கா, வாத்தியாரே?" என்றான் சிந்த்ரி. குரல் மட்டும் உடைந்திருந்தது.

போதகர் ஹெர்தீஸ் சோலெயைப் பார்த்தார். "வேற பெயர் சொல்றதுன்னா சொல்லலாம்மா. ஒண்ணும் அவசரமில்ல."

சோலெய் ஸ்டெய்னாரைப் பார்த்தாள். அவன் குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறு கை விரலைத் தொட்டித் தண்ணீரில் விட்டான். சட்டென்று எடுத்தான்.

"சில்லுனு இருக்கு," என்றான். "இந்தத் தண்ணியை இவ தலையில விட விடமாட்டேன்."

போதகர் திகைத்தார். வெதுவெதுப்பாய்த்தான் ஊற்றி வைத்திருந்தார்கள். இத்தனை நேரத்தில் ஆறிப்போயிருந்தது. ரெப்னா சமையலறைப் பக்கம் திரும்பினாள். அவளுக்கு முன்னால் ஆல்தா நடந்துவிட்டாள். காப்பிக்காகக் கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலைத் தூக்கிக்கொண்டு, பட்டுப் பாவாடை சரசரக்க, நடுவழியே வந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தாயும் மகனும் தொட்டிக்கு இருபுறமும் நின்றார்கள். கொஞ்சம் ஊற்றினாள்.

"பாரு ஸ்டெய்னார்," என்றாள். அந்தப் பெயரை அவள் கல் என்று சொல்லவில்லை. ஒரு மகனின் பெயராகச் சொன்னாள். "போதுமா?"

அவன் சட்டைக் கையை மடித்து முழங்கையைத் தண்ணீரில் தோய்த்தான். "இன்னும் கொஞ்சம்."

ஊற்றினாள். ஆவி இருவர் முகத்துக்கும் நடுவே எழுந்தது.

"இப்ப?"

"ஒரு சொட்டு."

"குளிப்பாட்டியே விட்டுடுவான் போல," என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். ஒருத்தி சிரித்தாள், உடனே மூக்கை உறிஞ்சினாள்.

"இப்ப சரிம்மா," என்றான்.

ஆல்தா தன் இடத்துக்குத் திரும்பவில்லை. கெட்டிலோடு அங்கேயே நின்றாள். போதகர் தொண்டையைச் செருமி மறுபடி கேட்டார். சோலெய் பெயரைச் சொன்னாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. ஆல்தாவின் உதடுகள் அசைந்தன. இருபத்திரண்டு வருஷம் சொல்லாத பெயரைச் சத்தமில்லாமல் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு சத்தமாகச் சொன்னாள்.

தண்ணீர் மூன்று தடவை விழுந்தது. குழந்தை வீறிட்டது, முதுகை வளைத்து, கையையும் காலையும் உதறி, வழுக்கும் அந்தப் பட்டங்கிக்குள் மீனாய்த் துள்ளியது. சோலெய் தன்னையறியாமல் கையை நீட்டினாள். தேவையிருக்கவில்லை. ஸ்டெய்னாரின் பிடி தளரவில்லை.